லினக்ஸ் ஸ்டோரேஜ் டிரைவரில் மெமரி ஒதுக்கீடும் பஃபர் அளவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட்டு, எஸ்எஸ்டி, யுஎஸ்பி பெட்டி போன்றவற்றுக்கு லினக்ஸில் டிரைவர் எழுதத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சி மொழி தெரிந்து, ஒரு கெர்னல் மாட்யூலையாவது எழுதி ஏற்றிப் பார்த்திருந்தால் போதும், பின்தொடரலாம். வேறு சொல்லாத இடங்களில் 64-பிட் எக்ஸ்86, 4 கிலோபைட் பக்கம் (கெர்னல் மெமரியைப் பிரித்துத் தரும் அலகு) என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெமரி ஒதுக்கும் கேமல்லாக்கில் ஜிஎஃப்பி கெர்னல் ஃபிளாக் போட்டு எத்தனையோ டிரைவர்கள் ஓடுகின்றன. ஸ்டோரேஜ் டிரைவருக்கு மட்டும் ஏன் கூடாது என்கிறார்கள்?

மெமரி தீரும் நேரத்தில் கெர்னல் என்ன செய்கிறது என்று பார்த்தால் காரணம் தெரியும். ஜிஎஃப்பி கெர்னல் என்ற ஃபிளாக்கோடு கேட்டால், "கிடைக்கும்வரை காத்திருக்கிறேன், அதற்காக என்ன வேண்டுமானாலும் செய்துகொள்" என்று சொன்னதாக அர்த்தம். காலிப் பக்கம் இல்லாவிட்டால், கேட்ட அந்த இடத்திலேயே கெர்னல் பழைய பக்கங்களை மீட்க இறங்கும். அவற்றில் பல, நிரல்கள் எழுதி இன்னும் வட்டுக்குப் போகாத டர்ட்டி பக்கங்கள். ஸ்வாப்புக்குப் போக வேண்டியவையும் இருக்கும். இவற்றை விடுவிக்க, முதலில் வட்டில் எழுதியாக வேண்டும். எழுதித் தர வேண்டியது உங்கள் டிரைவர்.

இப்போது உங்கள் டிரைவர் ஓர் எழுதும் கோரிக்கையை நிறைவேற்றும் வழியில், ஏதோ ஒரு சிறு கட்டமைப்புக்காக ஜிஎஃப்பி கெர்னல் போட்டு மெமரி கேட்கிறது. மெமரி இல்லை. கெர்னல் டர்ட்டி பக்கங்களை எழுதச் சொல்லிவிட்டு அது முடியக் காத்திருக்கிறது. அந்த எழுத்து உங்கள் டிரைவரிடமே வருகிறது. டிரைவரோ மெமரிக்காக நிற்கிறது. இந்த டெட்லாக்கில் இனி யாரும் நகரமாட்டார்கள். கணினி முழுவதும் உறைந்துபோகும். பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை வந்தாலே அதிர்ஷ்டம். பல நேரம் பதிவேட்டை எழுதவும் அதே வட்டுதான் வேண்டும்.

நெட்வொர்க் கார்டு டிரைவரில் மெமரி கிடைக்காவிட்டால் ஒரு பாக்கெட் தொலையும், மறுபடி அனுப்பப்படும். ஸ்டோரேஜ் டிரைவருக்கு அந்த வசதி இல்லை. மெமரியே இல்லாத நேரத்தில்தான் அது கட்டாயம் வேலை செய்ய வேண்டும். கீழே வரும் எல்லாப் பதில்களும் இந்த ஒரு நிபந்தனையிலிருந்து வருபவை.

சரி, எந்த இடத்தில் எந்த ஃபிளாக்?

சாதனத்தைக் கண்டுபிடித்துத் தொடங்கும் புரோப் கட்டத்தில் ஜிஎஃப்பி கெர்னல் தாராளமாகப் போடலாம். அந்த வட்டு இன்னும் யாருக்கும் காட்டப்படவில்லை. அதில் எழுத வேண்டிய டர்ட்டி பக்கமும் இருக்காது. எனவே தேவையானதில் பெரும்பகுதியை இங்கேயே ஒதுக்கிவிடுங்கள்.

கோரிக்கைகள் ஓடும் பாதையில், தூங்க (அதாவது த்ரெட் நின்று காத்திருக்க) அனுமதி உள்ள இடமென்றால் ஜிஎஃப்பி நோஐஓ. இது மீட்பை அனுமதிக்கும், ஆனால் அதற்காகப் புதிய வட்டு வேலை எதையும் தொடங்காது. ஜிஎஃப்பி நோஎஃப்எஸ் கோப்பு முறைமை எழுதுபவர்களுக்கானது. அதில் ஐஓ அனுமதி இருப்பதால் பிளாக் டிரைவருக்கு அது போதாது. இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

இன்டரப்ட் கையாளும் இடத்திலும், ஸ்பின்லாக் பிடித்திருக்கும்போதும் ஜிஎஃப்பி அட்டாமிக். கோரிக்கைகளை வரிசைப்படுத்தி டிரைவரிடம் தரும் பிளாக்-எம்க்யூ அடுக்கு உங்கள் டிரைவரை அழைக்கும் க்யூ-ஆர்க்யூ செயல்கூறையும் இதே கணக்கில் சேருங்கள். தூங்குவேன் என்று 'பிளாக்கிங்' ஃபிளாக்கைப் போட்டு முன்கூட்டியே சொல்லியிருந்தாலொழிய, அதற்குள் தூங்கக் கூடாது.

அப்படியானால் எல்லா இடத்திலும் ஜிஎஃப்பி அட்டாமிக் போட்டுவிட்டால் என்ன?

டெட்லாக் வராது, ஆனால் ஒதுக்கீடு எளிதில் தோற்கும். காத்திருக்கவும் மாட்டாது, மீட்கவும் மாட்டாது. அவசரச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தரும், அவ்வளவுதான். அந்தச் சேமிப்பு இன்டரப்ட்டுகளுக்கும் நெட்வொர்க்குக்கும் பொது. காத்திருக்க முடிந்த இடத்திலும் அதைச் சுரண்டினால் வேறு யாரோ தோற்பார்கள்.

நான் எழுதும் வரியில் நோஐஓ போட்டுவிட்டேன். நான் அழைக்கும் வேறொருவரின் செயல்கூறு உள்ளே ஜிஎஃப்பி கெர்னல் போடுகிறதே?

இதற்காகவே 'மெம்அல்லாக் நோஐஓ சேவ்', 'ரீஸ்டோர்' என்ற ஜோடி 2013-இல் 3.9 கெர்னலில் வந்தது. இரண்டுக்கும் நடுவில் அந்த த்ரெட் செய்யும் எல்லா ஒதுக்கீடுகளும், என்ன ஃபிளாக் போட்டிருந்தாலும், நோஐஓ போல நடத்தப்படும்.

யுஎஸ்பி சாதனத்தை ரீசெட் செய்யும் செயல்கூறில் இதைப் பார்க்கலாம். ஒரு யுஎஸ்பி வட்டு பதில் சொல்லாமல் போனால், பிழை மீட்பின் ஒரு படியாக அதை ரீசெட் செய்வார்கள். அந்த நேரத்தில் யுஎஸ்பி அடுக்கும் அதன் கீழுள்ள ஹோஸ்ட் கன்ட்ரோலர் டிரைவரும் ஆங்காங்கே மெமரி கேட்கும். அவற்றை எழுதியவர்கள் வட்டை மனத்தில் வைத்து எழுதியவர்கள் அல்ல. அவர்கள் ஒவ்வொருவரின் வரியையும் திருத்துவதைவிட, ரீசெட் தொடங்கும் இடத்திலேயே நோஐஓ வேலி போடுவது சரியான வழி. உங்கள் டிரைவரிலும் பிழை மீட்பு, ரீசெட், பவர் மேலாண்மையின் ரெஸ்யூம் ஆகிய மூன்று பாதைகளையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். வழக்கமான பாதையைக் கவனமாக எழுதியவர்கள்கூட இந்த மூன்றில் கோட்டை விடுகிறார்கள்.

நோஐஓ போட்டால் மெமரி கிடைத்துவிடுமா?

கிடைக்கும் என்று உறுதி இல்லை. நோஐஓ அந்தச் சுழலை உடைக்கிறது, அதோடு சரி. "குறைந்தது ஒரு கோரிக்கையாவது எப்போதும் முன்னேறும்" என்ற உறுதி வேண்டுமானால் மெம்பூல் வேண்டும்.

மெம்பூல் என்பது தொடக்கத்திலேயே சில பொருள்களை ஒதுக்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. கேட்டால் முதலில் வழக்கமான ஒதுக்கீட்டை முயலும். அது தோற்றால் சேமிப்பிலிருந்து தரும். சேமிப்பும் தீர்ந்திருந்தால், வெளியே போனது ஒன்று திரும்பி வரும்வரை காத்திருக்க வைக்கும். காத்திருக்கலாம் என்ற ஃபிளாக்கோடு கேட்டால் இது தோற்பதே இல்லை.

எத்தனை வைப்பது? முன்னேற்றத்துக்கு ஒன்று போதும், அது திரும்பி வரும் என்பது உறுதியாக இருந்தால். வேகம் கருதி இன்னும் சில வைக்கலாம். நூற்றுக்கணக்கில் வைப்பது வீண், ஏனென்றால் அந்த மெமரி மற்ற எவருக்கும் பயன்படாமல் கிடக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். ஒரே த்ரெட் ஒரே மெம்பூலிலிருந்து, முதலில் எடுத்ததைத் திருப்பித் தராமல் இரண்டாவதை எடுக்கக் கூடாது. ஏன் என்பதையும், எடுத்தே ஆக வேண்டுமென்றால் என்ன செய்வது என்பதையும் விளக்க டிஎம்-கிரிப்ட் நல்ல உதாரணம். வட்டைக் குறியாக்கம் செய்யும் இந்த டிரைவர், எழுதும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அதே அளவு புதுப் பக்கங்களை எடுக்க வேண்டும். பூலில் 256 பக்கங்கள் இருக்கின்றன. இரண்டு த்ரெட்டுகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் 256 வேண்டும். இரண்டும் ஆளுக்கு 128 எடுத்துக்கொண்டு மீதிக்கு நின்றால் இரண்டுமே முடியாது. டிஎம்-கிரிப்ட் இதை இப்படித் தீர்க்கிறது: முதலில் காத்திருக்காமல் எடுத்துப் பார்க்கும். முழுதாகக் கிடைக்காவிட்டால் எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டு, இந்த முறை காத்திருந்து எடுக்கும். காத்திருப்பவர் எப்போதும் ஒருவர்தான் என்பதால் சிக்கல் இல்லை. உங்கள் டிரைவர் ஒரு கோரிக்கைக்குப் பல துண்டுகள் எடுப்பதாக இருந்தால், இந்த நிரலைப் படித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

பிளாக்-எம்க்யூ இதையெல்லாம் பார்த்துக்கொள்ளாதா?

பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்கிறது. 3.13 கெர்னலில் வந்த இந்த அடுக்கு, 5.0 முதல் கோரிக்கை வரிசையோடு இயங்கும் பிளாக் டிரைவர்களுக்கு ஒரே வழி. வரிசையின் ஆழம் (ஒரே நேரத்தில் அதில் இருக்கக்கூடிய கோரிக்கைகள்) எவ்வளவோ அத்தனை கோரிக்கைகளையும் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடும். டேக் செட்டில் கமாண்ட் சைஸ் என்ற புலத்தில் ஒரு அளவைக் கொடுத்தால், ஒவ்வொரு கோரிக்கையின் வாலிலும் உங்களுக்கென்று அத்தனை பைட் இடம் விடும். ஒரு கோரிக்கைக்கு வேண்டிய கட்டளை, நிலை, சிறு பட்டியல் எல்லாம் இதில் அடங்கினால் ஓட்டப் பாதையில் நீங்கள் மெமரி கேட்கவே வேண்டாம். முதலில் இதைத்தான் முயல வேண்டும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 64 வரிசை, ஒவ்வொன்றிலும் ஆழம் 1024, கோரிக்கைக்கு 4 கிலோபைட் என்றால் 256 மெகாபைட். சும்மா இருக்கும் வட்டுக்கு அவ்வளவு மெமரியைக் கட்டிவைக்க முடியாது. ஸ்கஸி அடுக்கு இதனால்தான் ஒவ்வொரு கட்டளையோடும் சிதறிய பஃபர் துண்டுகளைப் பட்டியலிடும் ஸ்கேட்டர்லிஸ்டில் 2 பதிவுகளுக்கு மட்டும் இடம் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் வேண்டுமானால் மெம்பூலுக்குப் போகிறது. சிறிய கோரிக்கைகள் அந்த இரண்டிலேயே முடிந்துவிடும்.

கெர்னல் நொறுங்கிய பிறகு தகவலைச் சேமிக்க எழும் கேடம்ப் கெர்னலுக்கு மிகக் கொஞ்சம் மெமரிதான் ஒதுக்கப்பட்டிருக்கும். அங்கே பிளாக்-எம்க்யூ ஆழத்தை 64-க்கு மேல் விடாது. உங்கள் டிரைவர் தனியாக ஒதுக்கும் மெமரியும் அதே போலச் சுருங்க வேண்டும். ஆழத்தைக் குறியீட்டில் மாறிலியாக எழுதி வைத்தால் சுருங்காது.

ஒரே கோரிக்கையில் முடிந்தவரை பெரிய அளவை அனுமதிப்பது நல்லதுதானே?

வன்பொருள் தாங்கும் அளவு வேறு, அதை விவரிக்க உங்களுக்கு வேண்டிய மெமரி வேறு. புதியவர்கள் முதலாவதை மட்டும் பார்க்கிறார்கள்.

வேகமான எஸ்எஸ்டிகளுக்கான என்விஎம்இ டிரைவரில் 2018-இல் நடந்த மாற்றம் இதற்கு மிகச் சரியான பாடம். அப்போது ஒரு கோரிக்கையின் இயல்பான உச்ச அளவு 1280 கிலோபைட். பக்கங்கள் எல்லாம் மெமரியில் சிதறிக் கிடந்தால் அது 320 துண்டு. ஒரு ஸ்கேட்டர்லிஸ்ட் பதிவு 32 பைட். ஆக, பட்டியலுக்கு மட்டும் பத்தாயிரம் பைட்டுக்குச் சற்று மேல், அதுவும் தொடர்ச்சியாக. கெர்னல் பக்கங்களை 1, 2, 4, 8 என்ற இரட்டிப்புக் கட்டுகளாகவே தரும் என்பதால் இது 4 பக்கக் கட்டாகிறது. பல நாள் ஓடிய கணினியில் மெமரி துண்டு துண்டாகிக் கிடக்கும். மொத்தத்தில் ஏராளம் காலியாக இருந்தும், சேர்ந்தாற்போல் 4 பக்கம் கிடைக்காத நிலை வரும். தோற்றால் பிளாக்-எம்க்யூ பிறகு மறுபடி முயலும். ஆனால் என்றாவது கிடைக்கும் என்று யார் சொல்வது?

அவர்கள் செய்தது எளிமையானது. துண்டுகளின் உச்சத்தை 127 என்றும், அளவின் உச்சத்தை 4 மெகாபைட் என்றும் வைத்தார்கள். 127 பதிவுக்கு 4064 பைட். கூட வரும் சில சுட்டிகளையும் சேர்த்து எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கும். ஒற்றைப் பக்கத்துக்குத் தொடர்ச்சி என்ற கேள்வியே இல்லை. அதன்பின் அந்த ஒற்றைப் பக்க ஒதுக்கீட்டுக்குப் பின்னால் ஒரு மெம்பூலை வைத்தார்கள். முழுக்கச் சிதறிய மெமரியில் ஒரு கோரிக்கை சுமார் 508 கிலோபைட்டோடு நின்றுவிடும் என்பது இதற்குக் கொடுத்த விலை. ஒட்டிக் கிடக்கும் பக்கங்கள் ஒரே துண்டாகச் சேர்வதால் நடைமுறையில் அதைவிடப் பெரிதாகவும் போகும். என் கருத்தில் இது மிக நியாயமான பேரம், புது டிரைவர் எழுதும் எவரும் இதே வரிசையில் யோசிக்கலாம்: ஒரு பக்கத்துக்குள் எவ்வளவு அடங்கும் என்று முதலில் பார்த்து, அதிலிருந்து கோரிக்கையின் உச்ச அளவுக்கு வாருங்கள்.

பெரிய இடம் வேண்டுமானால் விமல்லாக் போடலாமே?

புரோப் நேரத்தில், மென்பொருள் மட்டும் தொடும் அட்டவணைகளுக்குப் போடலாம். சாதனம் நேரடியாகப் படித்து எழுதும் டிஎம்ஏ பஃபருக்கு வேண்டாம். விமல்லாக் தருவது மெய்நிகர் முகவரியில் மட்டும் தொடர்ச்சி. உண்மையான மெமரியில் பக்கங்கள் எங்கெங்கோ இருக்கும். கேமல்லாக்கை முயன்று தோற்றால் விமல்லாக்குக்குப் போகும் கேவிமல்லாக்குக்கும் இதே எச்சரிக்கை, ஏனென்றால் இரண்டில் எதிலிருந்து கிடைத்தது என்று உங்களுக்குத் தெரியாது.

என் சாதனத்தின் வரம்புகளை மேலே உள்ள அடுக்குக்கு எப்படிச் சொல்வது?

க்யூ லிமிட்ஸ் என்ற கட்டமைப்பில். 2024-இல் வந்த 6.9 முதல் இதை நிரப்பி, வரிசையை உருவாக்கும்போதே ஒன்றாகக் கொடுக்கலாம். முன்பு ஒவ்வொரு வரம்புக்கும் தனிச் செயல்கூறை அழைக்க வேண்டியிருந்தது. ஒரு கோரிக்கையின் உச்ச அளவு, துண்டுகளின் எண்ணிக்கை, ஒரு துண்டின் உச்ச அளவு, துண்டு கடக்கக் கூடாத எல்லை ஆகியவை முக்கியம். சரியாகச் சொல்லிவிட்டால் பெரிய கோரிக்கைகளைப் பிளாக் அடுக்கே வெட்டி அனுப்பும். நீங்கள் டிரைவருக்குள் வெட்டத் தொடங்கினால் அதற்கும் மெமரி வேண்டும், மறுபடி முதல் கேள்விக்கே வந்து நிற்பீர்கள்.

செக்டர் என்று கெர்னல் சொல்லும் இடமெல்லாம் 512 பைட். வட்டின் பிளாக் 4096 பைட்டாக இருந்தாலும் இது மாறாது. சாதனத்துக்குக் கட்டளை எழுதும்போது அதன் அலகுக்கு மாற்றுவது உங்கள் வேலை. இங்கே எட்டு மடங்கு தவறினால் தரவு வேறு இடத்தில் போய் விழும்.

யுஎஸ்பி வட்டுகளுக்கு 240 செக்டர் என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது?

பழைய ஐடிஇ கன்ட்ரோலர்களில் ஒரு பரிமாற்றத்தின் செக்டர் எண்ணிக்கையை வைக்க 8-பிட் பதிவகம்தான் இருந்தது. சிலவற்றால் முழு 256-ஐயும் தாங்க முடியவில்லை. யுஎஸ்பி பெட்டிகள் பலவற்றின் உள்ளே அந்த மரபுதான் தொடர்ந்தது. அதனால் யுஎஸ்பி-ஸ்டோரேஜ் டிரைவர் 240 செக்டர், அதாவது 120 கிலோபைட், என்ற பாதுகாப்பான எண்ணை வைத்துக்கொண்டது. அதையும் தாங்காத சாதனங்களுக்கு 64 செக்டர் என்ற விதிவிலக்கும் உண்டு. சூப்பர்ஸ்பீடு வேகத்தில் இணையும் சாதனங்களுக்கு 2048.

இருபது பைட் கட்டளை ஒன்றை ஸ்டாக்கில் வைத்தே டிஎம்ஏவுக்கு அனுப்பலாமா?

கூடாது. 2016 டிசம்பரில் வந்த 4.9 முதல் எக்ஸ்86-இல் கெர்னல் ஸ்டாக்கையே விமல்லாக் பகுதியில் வைக்கும் வசதி இருக்கிறது; அதன் முகவரியை டிஎம்ஏவுக்குக் கொடுத்தால் தப்பான இடம் போகும். பழைய டிரைவர்கள் பல அப்போது உடைந்தன.

கேமல்லாக் செய்த பெரிய கட்டமைப்புக்கு நடுவில் ஒரு சிறு அர்ரேயை வைத்து அதை அனுப்புவதும் ஆபத்துதான். டிஎம்ஏவும் கேஷும் தானாக ஒத்துப்போகாத ஆர்ம் பலகைகளில், அந்த அர்ரேயும் பக்கத்துப் புலமும் ஒரே கேஷ் லைனில் (கேஷ் ஒன்றாகப் படித்து எழுதும் பைட் கட்டில்) இருந்தால் ஒன்று மற்றொன்றை அழிக்கும். உங்கள் மேஜையில் உள்ள எக்ஸ்86 கணினியில் இது ஒருநாளும் தெரியாது. டிஎம்ஏ பஃபரைத் தனியாக ஒதுக்குங்கள்.

சாதனத்துக்கு 32-பிட் முகவரிதான் தெரியும். பஃபர் அளவு அதனால் மாறுமா?

மாறும். சாதனம் எட்டக்கூடிய முகவரி வரம்பான டிஎம்ஏ மாஸ்க்கைச் சொல்லிவிட்டால், அதற்கு மேலே உள்ள மெமரியைக் கெர்னல் எஸ்டபிள்யூஐஓ-டிஎல்பி என்ற இடைப் பஃபர் வழியாக நகலெடுத்துத் தரும். ஆனால் அங்கே ஒரு துண்டு 256 கிலோபைட்டைத் தாண்ட முடியாது, மொத்தக் கொள்ளளவு இயல்பாக 64 மெகாபைட். மெமரியைக் குறியாக்கம் செய்யும் ஏஎம்டி எஸ்இவி மெய்நிகர் கணினிகளில் எல்லா டிஎம்ஏவும் இந்த வழியாகவே போகும். மெய்நிகர் வட்டுகளுக்கான விர்ட்ஐஓ-பிளாக் டிரைவர் துண்டு அளவுக்கு வரம்பு வைக்காததால் அங்கே பெரிய கோரிக்கைகள் தோற்றன. 2019-இல் டிஎம்ஏ மேக்ஸ் மேப்பிங் சைஸ் என்ற செயல்கூறைச் சேர்த்து அதைச் சரிசெய்தார்கள். உங்கள் வரம்பைச் சொல்லும் முன் அதை ஒருமுறை கேளுங்கள்.

சாதனம் தன் பதிலின் நீளத்தைத் தானே சொல்கிறது. அந்த அளவுக்கு ஒதுக்கினால் போதுமா?

சொல்வதை நம்பக் கூடாது. ஸ்கஸி அடுக்கு சாதனத்தை அடையாளம் காண இன்குயரி கட்டளையை அனுப்பும் முறையைப் பாருங்கள். 256 பைட் பஃபரை எடுத்துக்கொண்டு, முதலில் 36 பைட் மட்டும் கேட்கும். பதிலில் சாதனம் சொல்லும் முழு நீளத்தைப் படித்து, அது 255-ஐத் தாண்டாவிட்டால் மட்டும் மறுபடி அந்த நீளத்துக்குக் கேட்கும். சாதனம் என்ன சொன்னாலும் பஃபர் வழியாது.

பயனர் நிரலிலிருந்து வரும் எண்ணிக்கைக்கும் இதே சந்தேகம் வேண்டும். எண்ணிக்கையை அளவால் நீங்களே பெருக்காமல் கேமல்லாக் அர்ரே, ஸ்ட்ரக்ட் சைஸ் போன்றவற்றைப் பயன்படுத்துங்கள். பெருக்கல் வழிந்தால் அவை ஒதுக்க மறுக்கும்.

வேலையைப் பின்னணி த்ரெட்டுகளில் ஓட்டும் வொர்க்க்யூவுக்குத் தள்ளிவிட்டால் தூங்கலாமே, ஜிஎஃப்பி பிரச்சினையும் தீருமே?

தூங்கலாம், ஆனால் ஜிஎஃப்பி கெர்னல் அங்கேயும் கூடாது. காத்திருக்கும் கோரிக்கை அதேதான். அதோடு, புது வொர்க்கர் த்ரெட்டை உருவாக்கவே மெமரி வேண்டும். மெம் ரீக்ளைம் ஃபிளாக் போட்டு உங்களுக்கென ஒரு வொர்க்க்யூவை உருவாக்கினால், அதற்கு ஒரு மீட்பு த்ரெட் முன்கூட்டியே தயாராக இருக்கும். பொது வொர்க்க்யூவுக்கு அது இல்லை.

இவையெல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று எப்படிச் சோதிப்பது?

சாதாரணச் சோதனையில் எதுவும் வெளிவராது. 16 ஜிகாபைட் கணினியில் கோப்பு நகலெடுத்துப் பார்த்து "ஓடுகிறது" என்று முடிவு செய்யாதீர்கள். பூட் அளவுருவில் மெமரியை 512 மெகாபைட்டாகக் குறையுங்கள். உங்கள் சாதனத்திலேயே ஸ்வாப்பை வையுங்கள். ஒருபக்கம் மெமரியைத் தின்னும் நிரல், இன்னொரு பக்கம் எஃப்ஐஓ என்ற வட்டுச் சோதனைக் கருவியில் எழுதும் சுமை. இரண்டையும் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். நடுவே சாதனத்தை ரீசெட் செய்யுங்கள்.

கெர்னலைப் பூட்டுச் சிக்கல்களைக் கண்டுபிடிக்கும் லாக்டெப், அட்டாமிக் ஸ்லீப் சோதனை, டிஎம்ஏ-ஏபிஐ டீபக் மூன்றோடும் தொகுத்துக்கொள்ளுங்கள். ஃபெயில்ஸ்லாப் வசதி ஒதுக்கீடுகளை வேண்டுமென்றே தோற்கடிக்கும். ஒவ்வொரு தோல்விப் பாதையும் அப்போதுதான் முதல்முறையாக ஓடும். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் வெளியேறும் இடங்களைக் கேமெம்லீக் காட்டிக்கொடுக்கும்.

உறைந்துவிட்டால் அணைத்துவிடாதீர்கள். 120 விநாடிகளுக்கு மேல் நகராத த்ரெட்டைக் கெர்னல் இயல்பாகவே புகார் செய்யும். கெர்னலுக்கு நேரடிக் கட்டளை தரும் சிஸ்ஆர்க்யூ விசையோடு டபிள்யூ விசையை அழுத்தினால், தடைபட்டு நிற்கும் எல்லா த்ரெட்டுகளின் ஸ்டாக்கும் சீரியல் கன்சோலில் வரும். அவற்றில் உங்கள் டிரைவரின் செயல்கூறுக்கு மேலே மெமரி மீட்பின் பெயர்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால், எந்த வரியில் தவறான ஃபிளாக் இருக்கிறது என்பதை அந்த ஸ்டாக்கே காட்டும்.